லீவுக்குப் பதில் ஒரு செட்டு மாத்திரை

மழைக்காலம் பிறந்துவிட்டால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இரண்டு இடங்களில் கூட்டம் குறைவதில்லை. ஒன்று, சாயங்கால வேளையில் டாக்டர்களின் கிளினிக் வாசல். மற்றொன்று, மருந்துக் கடை வாசல்.

ஆலையில் ஸ்பின்னிங் சைடு பார்க்கும் பெண் ஷிப்டு முடிந்து நேராக வருகிறாள். தலையில் ஒட்டிய பஞ்சைக் கூடத் தட்டவில்லை. இரண்டு நாளாகச் சளி, உடம்பு வலி, கொஞ்சம் காய்ச்சல். கிளினிக்கில் அவளுக்கு முன்னால் முப்பது பேர். கடைசியில் டாக்டருக்கு முன் உட்காரும்போது அவள் சொல்லுவது ஒரே வாக்கியந்தான்: "நாளைக்கு வேலைக்குப் போகணும் சார், பவரா எழுதிக் கொடுங்க." டாக்டர் தொண்டையைப் பார்க்கிறார், ஸ்டெதாஸ்கோப்பை வைக்கிறார், எழுதுகிறார். காய்ச்சல் மாத்திரை ஒன்று, சளி மாத்திரை ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. அவற்றோடு ஓர் ஆன்டிபயாடிக். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம்.

டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லாதவன் நேரே மருந்துக் கடைக்குப் போகிறான். "காய்ச்சலுக்கு ரெண்டு செட்டு மாத்திரை கொடுங்கண்ணே" என்கிறான். கடைக்காரர் அட்டைகளைக் கத்தரித்து, சின்னக் கவரில் போட்டுக் கொடுக்கிறார். அந்தச் செட்டிலும் பெரும்பாலும் ஓர் ஆன்டிபயாடிக் இருக்கிறது. அதன் பெயர் வாங்குகிறவனுக்குத் தெரியாது. எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பதும் தெரியாது.

இது ஊருக்கு ஊர் அன்றாடம் நடக்கும் காரியம். இதில் பத்திரிகை தலையங்கம் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. இந்தச் சின்னக் கவருக்குள் தொழிலாளியின் கூலிப் பிரச்னை இருக்கிறது. மருந்துக் கம்பெனிகளின் லாபம் இருக்கிறது. சர்க்காரின் அலட்சியம் இருக்கிறது. நாளை பிறக்கப் போகும் குழந்தையின் உயிரும் இருக்கிறது.

அருமையான ஆயுதம்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்து நமக்குப் பகையன்று. மனிதன் கண்டுபிடித்த மிகப் பெரும் ஆயுதங்களில் அது ஒன்று. 1928-ம் ஆண்டு லண்டனில் அலெக்ஸாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டார். பிறகு ஆக்ஸ்போர்டில் புளோரியும் செயினும் அதை நோயாளிக்குக் கொடுக்கத்தக்க மருந்தாக்கினார்கள். அதற்கு முன்னால் பிரசவத்துக்குப் பின் வரும் ஜன்னிக்கும், நிமோனியாவுக்கும், சீழ்ப்பிடித்த காயத்துக்கும் பலியான ஏழைகளுக்குக் கணக்கில்லை.

நம் ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் ஆயிரக்கணக்கான விசைத்தறிகள் மருத்துவத் துணி நெய்கின்றன. எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ அறுவைச் சிகிச்சை நடக்கிறது. காயத்தின் மேல் வைக்கும் துணி நம் ஊர்த் தறியில் ஓடியதாக இருக்கிறது. ஆனால் அந்தக் காயத்துக்குள் கிருமி புகுந்தால் துணி மட்டும் காப்பாற்றாது. ஆன்டிபயாடிக் வேலை செய்தாக வேண்டும். அது வேலை செய்யாமற் போனால் சிசேரியன் பிரசவமும், எலும்பு முறிவுக்கான ஆபரேஷனும், புற்றுநோய்ச் சிகிச்சையும் பழையபடி உயிரைப் பணயம் வைக்கும் காரியங்களாகிவிடும்.

இந்த ஆயுதம் ஒரு குறிப்பிட்ட எதிரியை மட்டுமே தாக்கும். பாக்டீரியா என்ற வகைக் கிருமிகளை அது கொல்லும். வைரஸ் என்ற வேறு வகையின் மேல் அதற்கு எந்தச் சக்தியும் கிடையாது. சாதாரண ஜலதோஷம், ஃபுளூ காய்ச்சல், டெங்கு, பெரும்பாலான தொண்டை வலி, பெரும்பாலான இருமல் ஆகியவை வைரஸால் வருபவை. குழந்தைகளின் வயிற்றுப்போக்கிலும் பெரும்பகுதிக்கு வேண்டியது உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையுந்தான். 1971-ல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொண்டே காலரா நோயாளிகளின் உயிரைக் காத்தார்.

சளிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் குணமாகிறதே என்று கேட்கிறவர்கள் உண்டு. சாப்பிடாவிட்டாலும் ஒரு வாரத்தில் குணமாகியிருக்கும். உடம்பு தானே செய்த வேலைக்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொள்கிறது.

வீண் செலவு மட்டுமா?

பலன் இல்லாவிட்டால் பரவாயில்லை, கெடுதலாவது இல்லையே என்று சமாதானம் கொள்ளவும் இடமில்லை. நம் குடலிலும் தோலிலும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தேவையின்றி மருந்து உள்ளே போகும்போது பலவீனமானவை சாகின்றன. மருந்தைத் தாங்கும் சக்தி பெற்றவை மிஞ்சுகின்றன. மிஞ்சியவை பெருகுகின்றன. அவை வீட்டிலுள்ளவர்களுக்குப் பரவுகின்றன. சாக்கடை வழியாகவும் குடிநீர் வழியாகவும் ஊருக்குப் பரவுகின்றன. இன்றைக்குச் சளிக்காக அப்பன் சாப்பிட்ட மாத்திரையின் பலனை, அடுத்த வருஷம் சிறுநீர்த் தொற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் மகள் அனுபவிக்கக் கூடும்.

பிளெமிங் இதை அன்றே சொன்னார். 1945 டிசம்பரில் நோபல் பரிசு ஏற்று ஆற்றிய உரையில், பென்சிலினை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கும் காலம் வரும். அறியாமல் குறைந்த அளவில் சாப்பிட்டுக் கிருமிகளை அதற்குப் பழக்கிவிடுவார்கள் என்று எச்சரித்தார்.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. டைபாய்டுக்குக் குளோரம்ஃபெனிகால் என்ற மருந்து ஒரு காலத்தில் சஞ்சீவியாக இருந்தது. 1972-ல் கோழிக்கோட்டில் அந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. பின்னர் அதற்குப் பதிலாக வந்த மருந்துகளும் ஒவ்வொன்றாகக் கூர்மழுங்கின. 2010-ல் உலகத்தையே உலுக்கிய ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனெமையும் முறியடிக்கும் கிருமிகள் சென்னையிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் எடுத்த மாதிரிகளில் இருப்பதைக் காட்டியது. அதில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளருடையது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கைப் பாருங்கள். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, இமிபெனெம் என்ற கடைசிக் கட்ட ஊசிக்கு அடங்கியது 2016-ல் நூற்றுக்கு 86. 2021-ல் அது 64 ஆகக் குறைந்துவிட்டது. ஐந்தே ஆண்டில்! உலகம் முழுவதும் 2019-ம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே நேர்க் காரணமாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்று 2022-ல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள்.

சாதாரண மருந்து வேலை செய்யவில்லை என்றால் விலையுயர்ந்த ஊசி வேண்டும். ஆஸ்பத்திரியில் பல நாள் படுக்க வேண்டும். பணக்காரன் மதுரைக்கோ சென்னைக்கோ போய்ச் செலவழித்துத் தப்பிப்பான். தறிக்காரன் தாலியை அடகு வைப்பான். அதற்கும் வழியில்லாதவன் பிணத்தோடு திரும்புவான்.

யார் குற்றம்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. படித்தவர்கள் கூட்டம் போட்டுப் பேசும்போதெல்லாம் "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். மக்களோ "டாக்டர்கள் காசுக்காக எழுதுகிறார்கள்" என்கிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டும் வேரைத் தொடவில்லை.

அந்த ஆலைத் தொழிலாளி "பவராக" ஏன் கேட்கிறாள்? நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் கூலி போகும். அவ்வளவுதான் காரணம். ஜலதோஷத்துக்கு மருந்து மூன்று நாள் ஓய்வும், வெந்நீரும், காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலும் என்பதை எந்தப் பாட்டியும் சொல்லுவாள். அந்த மூன்று நாள் ஓய்வை யார் கொடுக்கிறார்கள்?

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும் முதலாளியிடமிருந்து மூன்றேகால் ரூபாயும் என்று 2019 ஜூலை முதல் சந்தா நிர்ணயித்தார்கள். நோயில் படுத்தால் ஊதியத்தில் நூற்றுக்கு 70 வீதம், ஆண்டில் 91 நாள் வரை உதவித்தொகை உண்டு. நல்லதுதான். ஆனால் 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் 49-வது பிரிவு ஒரு கொக்கி போட்டு வைத்தது: நோயின் முதல் இரண்டு நாளுக்குத் தொகை கிடையாது, பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தவருக்கு மட்டும் விலக்கு.

சளியும் ஃபுளூவும் எத்தனை நாள் நோய்? இரண்டு நாள், மூன்று நாள். அதாவது, ஓய்வே மருந்தாக உள்ள நோய்க்குச் சட்டம் ஓய்வு கொடுக்கவில்லை. அந்த இரண்டு நாளுக்குப் பதிலாகத்தான் தொழிலாளி மாத்திரை வாங்குகிறாள்.

இதுவும் இ.எஸ்.ஐ. உள்ளவர்களின் கதை. வீட்டோரம் நாலு தறி போட்டு ஓட்டும் பட்டறைகளுக்கு அந்தத் திட்டமே எட்டுவதில்லை. தறி ஓடினால் கூலி, நின்றால் பட்டினி. கட்டிட வேலைக்காரருக்கும், தோட்டக் கூலிக்கும், பால்கோவா கடையில் அடுப்பெரிக்கும் பையனுக்கும் இதே கதிதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆலையில் புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை பார்க்கிறவர்களின் இருமல் பலவற்றுக்குக் காரணம் எந்தக் கிருமியும் இல்லை, பஞ்சுத் தூசு. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது இந்த நோயின் அடையாளம். பிஸ்ஸினோசிஸ் என்பது அதன் பெயர். தொழிற்சாலைச் சட்டம் கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் அட்டவணையில் சேர்த்த நோய் அது. அதற்கும் ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. இருமல் நிற்பதில்லை, வேறு ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. தூசு உறிஞ்சும் இயந்திரத்துக்கு முதலாளி செய்ய வேண்டிய செலவைத் தொழிலாளி தன் பையிலிருந்து மாத்திரைக்குச் செய்கிறாள்!

டாக்டர் ஏன் எழுதுகிறார்? அவர் நிலையையும் நாம் நேர்மையோடு பார்க்க வேண்டும். இரண்டு நிமிஷத்தில் இது வைரஸா பாக்டீரியாவா என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. கல்ச்சர் பரிசோதனைக்கு நாள் கணக்காகும். கிளினிக்கில் அதற்கு வசதியும் இல்லை. எழுதாமல் விட்டு, நூற்றில் ஒரு பிள்ளைக்கு நிமோனியா ஆகிவிட்டால் பழி தன் மேல் வருமே என்ற பயம் ஒரு பக்கம். "அந்த டாக்டர் ஒன்றும் எழுத மாட்டார்" என்று நோயாளி அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவாரே என்ற கவலை மறு பக்கம். பொறுமையாக உட்கார்ந்து, இதற்கு மருந்து வேண்டாம் என்று விளக்கப் பத்து நிமிஷம் வேண்டும். வாசலில் முப்பது பேர் காத்திருக்கும்போது பத்து நிமிஷத்துக்கு எங்கே போவது?

சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றால், இரண்டு ஊரிலும் சர்க்கார் ஆஸ்பத்திரி உண்டு. 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை ஜெனரிக் பெயரில் மொத்தமாக வாங்கி அனுப்புவதால், அங்கே மருந்து இலவசமாகவும் கிடைக்கிறது. நாட்டுக்கே வழிகாட்டிய ஏற்பாடு அது. ஆனால் வெளிநோயாளிப் பிரிவில் பெருங்கூட்டம் காலையில். அந்த நேரத்தில் வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போகும். ஆகவே ஷிப்டு முடிந்த தொழிலாளி தனியார் கிளினிக்கையும் மருந்துக் கடையையும் தேடுகிறாள்.

லாபத்தின் கை

இந்தச் சங்கடங்களின் நடுவே, சிரித்த முகத்தோடு ஒருவர் நிற்கிறார். அவர்தான் மருந்துக் கம்பெனி முதலாளி.

2019-ல் இந்தியத் தனியார் துறையில் விற்பனையான ஆன்டிபயாடிக்குகளை ஆராய்ந்து 2022-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. முதலிடம் பிடித்தது அஸித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை. அடுத்தது செஃபிக்சிம் 200. உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று வகையாகப் பிரித்தது. எல்லோருக்கும் முதலில் கொடுக்கத்தக்கவை ஒரு வகை. எச்சரிக்கையோடு கையாள வேண்டியவை இரண்டாம் வகை. வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய கடைசி இருப்பு மூன்றாம் வகை. நம் நாட்டில் அதிகம் விற்ற மேற்சொன்ன இரண்டும் எச்சரிக்கை வகையைச் சேர்ந்தவை!

மறு பக்கத்தைப் பாருங்கள். தொண்டையில் வரும் ஒரு வகைப் பாக்டீரியாத் தொற்றால் வாதக் காய்ச்சல் உண்டாகி, ஏழைப் பிள்ளைகளின் இதய வால்வு பழுதாகிறது. அப்பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சாதின் பென்சிலின் ஊசி போட வேண்டும். பழைய மருந்து, மலிவான மருந்து. மலிவாக இருப்பதாலேயே கம்பெனிகளுக்கு அதில் ருசியில்லை. பல சமயங்களில் அது கடையில் கிடைப்பதே இல்லை. வேண்டாத மருந்து தெருவெல்லாம் வழிகிறது. வேண்டிய மருந்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். இதுதான் லாபம் நடத்தும் வைத்தியம்.

இரண்டு மூன்று மருந்துகளைக் காரணமின்றி ஒன்றாகக் கலந்து புதுப் பெயர் வைத்து விற்பதும் அந்த வைத்தியத்தைச் சேர்ந்ததே. 2016 மார்ச்சில் மத்திய சர்க்கார் இப்படிப்பட்ட 344 கலவைகளைத் தடை செய்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2018 செப்டம்பரில் 328 கலவைகள் தடைக்குள்ளாயின. 2024 ஆகஸ்டில் மேலும் 156. தடை செய்யத் தடை செய்யப் புதியவை முளைத்துக்கொண்டே இருக்கின்றன.

டாக்டர்களுக்குப் பரிசும் பயணமும் கொடுத்து மருந்தை எழுத வைப்பதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றவர்கள் யார் தெரியுமா? பையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் கிளினிக்காக அலையும் மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் அகில இந்தியச் சம்மேளனந்தான். விற்பனை இலக்கு என்ற சாட்டையை முதுகில் வாங்குகிற அந்த ஊழியர்களுக்கு இந்தச் சூது நன்றாகத் தெரியும். 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் ஒரு நடத்தை விதித் தொகுப்பை வெளியிட்டது. பரிசு கூடாது, உல்லாசப் பயணம் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. மீறினால் விசாரிப்பது யார்? கம்பெனிகளின் சங்கங்களே அமைக்கும் கமிட்டி! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

நம் நாட்டுக்கு வேறு வழி தெரியாமலில்லை. 1954-ல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை ஆலை அமைந்தது. 1961-ல் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். தொடங்கியது, ரிஷிகேசத்தில் ஆன்டிபயாடிக் ஆலை எழுந்தது. 1975-ல் ஹாத்தி கமிட்டி, பன்னாட்டு மருந்துக் கம்பெனிகளை நாட்டுடைமையாக்க வேண்டும், மருந்துகளை ஜெனரிக் பெயரால் வழங்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அந்தச் சிபாரிசுகளைத் தூசு படிய விட்டார்கள். 2016 டிசம்பரில் ஐ.டி.பி.எல்.லை மூடவும் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸை விற்கவும் மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. பென்சிலின் மூலப்பொருளுக்கே பல ஆண்டுக்காலம் அயல்நாட்டைக் கையேந்தும் நிலைக்கு நாடு தள்ளப்பட்டது.

சட்டம் இருக்கிறது, ஆனால்...

2014 மார்ச் முதல் தேதியிலிருந்து எச்-1 என்ற அட்டவணை அமலுக்கு வந்தது. அதில் 46 மருந்துகள். அவற்றில் 24 ஆன்டிபயாடிக்குகள். இவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அதிகம் விற்கும் அஸித்ரோமைசின் அப்போது அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை என்பது ஒரு வேடிக்கை. இடம்பெற்றவற்றிலும் எத்தனைக்குப் பதிவேடு ஒழுங்காக எழுதப்படுகிறது என்பதை வாசகர்கள் தங்கள் தெருக் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

செய்ய மனமிருந்தால் வழி உண்டு. கேரளம் 2018-ல் தனக்கென்று ஒரு செயல்திட்டம் வகுத்தது. மாநில அளவில் இதுவே முதலாவது. 2024-ல் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தியது. ஆன்டிபயாடிக்கை நீல நிறக் கவரில் போட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. கவரின் நிறத்தைப் பார்த்தாலே எழுத்தறியாதவரும் "இது அந்த மருந்து" என்று தெரிந்துகொள்ளலாம். நம் ஜில்லாவிலும் இதைச் செய்யப் பெரிய செலவா ஆகும்?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கடைக்காரரைப் பிடித்து அபராதம் போடுவதோடு சர்க்கார் கடமை முடிந்தது என்று நினைத்தால் அது அநியாயமாகும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ராத்திரியில் டாக்டரே இல்லாத கிராமத்தில், மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் உடனே வேண்டும். அது கிடைக்காமல் சாகும் ஏழைக் குழந்தைகளும் நாட்டில் உண்டு. கடையை மூடுமுன் ஆஸ்பத்திரியைத் திறக்க வேண்டும். தேவையில்லாதவருக்குப் போகாமலும் தேவையானவருக்குத் தவறாமலும் மருந்து சேர வேண்டும். அதற்குப் பெயர்தான் திட்டம்.

நாம் கோருவது

நோய்க்கால ஊதியம் முதல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும். இரண்டு நாள் காத்திருக்கும் விதி எந்தச் சட்டத்தின் பெயராலும் இருக்கக் கூடாது. விசைத்தறி, கட்டிடம், கடை, தோட்டத் தொழிலாளருக்கும் அந்த உரிமை விரிய வேண்டும்.

ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற மாலை நேரத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் போதிய டாக்டர்களோடும் நர்ஸுகளோடும் வெளிநோயாளிப் பிரிவு நடக்க வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. இரண்டு ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் கல்ச்சர் மாதிரிகள் அங்கே போய், எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கிறது என்ற கணக்கு ஆண்டுதோறும் டாக்டர்களுக்கும் பொதுஜனங்களுக்கும் தெரிய வேண்டும்.

எல்லா ஆன்டிபயாடிக்குகளும் பதிவேட்டுக்குள் வர வேண்டும். கம்பெனிகளின் பரிசு வியாபாரத்துக்குத் தண்டனையுள்ள சட்டம் வேண்டும். அவசிய ஆன்டிபயாடிக்குகளைப் பொதுத்துறையே தயாரிக்க வேண்டும். ஆலைகளில் பஞ்சுத் தூசை அளந்து, தொழிலாளர்களின் நுரையீரலைப் பரிசோதித்து, முடிவைச் சங்கங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நம் வீட்டிலும் ஒரு சுயவிமர்சனம்

சர்க்காரிடம் கோரினால் போதாது. நாமும் திருந்த வேண்டும். கூட்டத்துக்கு அவசரமாகப் போகும் வழியில் "ஒரு செட்டு" வாங்கி வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊழியர்களிடமும் இருக்கிறது. மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்கு உபகாரமாகக் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. இவை ஒழிய வேண்டும்.

டாக்டரிடம் "பவராக" கேட்பதை நிறுத்துங்கள். மரியாதையோடு மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் ஆன்டிபயாடிக் எது? எனக்கு அது கட்டாயம் வேண்டுமா? எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? வேண்டாம் என்று சொல்லும் டாக்டரை "ஒன்றும் தெரியாதவர்" என்று தூற்றாதீர்கள். உங்கள் நேரத்தையும் பணத்தையும் மதிக்கும் டாக்டர் அவர்தான். வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் சொன்ன வேளைக்கு, சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். இடையில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அபாய அறிகுறிகளையும் ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டும். சளி பிடித்த குழந்தையின் மூச்சை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுங்கள். கடிகாரம் ஒன்று போதும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் கண்டாலே காத்திருக்க வேண்டாம். மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், வலிப்பு வந்தாலும், மலத்தில் ரத்தம் போனாலும், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும் அப்படியே. அந்த வேளையில் "ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்று பிடிவாதம் பிடிப்பதும் தப்பு.

தொழிற்சங்கங்கள் இதைக் கூலிப் பிரச்னைக்கு வெளியே உள்ள விஷயமென்று ஒதுக்கக் கூடாது. அடுத்த ஒப்பந்தப் பேச்சு வார்த்தையில் போனஸோடும் பஞ்சப்படியோடும் "காய்ச்சலுக்குச் சம்பளத்தோடு மூன்று நாள் லீவு, சர்ட்டிபிகேட் கேட்கக் கூடாது" என்ற கோரிக்கையையும் மேஜை மேல் வையுங்கள். மாதர் அமைப்புகளும் வாலிபர் அமைப்புகளும் தெருத்தெருவாகப் போய்ப் பேசட்டும். நல்ல டாக்டர்களையும் மருந்துக் கடை ஊழியர்களையும் மேடைக்கு அழையுங்கள்.

உலகத்தின் காயத்துக்கெல்லாம் துணி நெய்து கொடுக்கும் ஊர் இது. அந்தத் துணிக்கு அடியில் இருக்கும் காயம் ஆற வேண்டுமானால் மருந்தின் கூர் மழுங்காமல் இருக்க வேண்டும். அந்தக் கூரைக் காக்கும் போராட்டம், காய்ச்சலில் கிடக்கும் தொழிலாளிக்கு மூன்று நாள் ஓய்வு வாங்கித் தருவதில் தொடங்குகிறது. வாங்கித் தருவோம்!